கனத்த சாரீரமும் காஞ்சிபுரம் சேலையும்

தலைநகரின் மேடைகள்: 12-ஆம் அத்தியாயம்

1963-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் செலவில் டெல்லிக்கு வந்து சேர்ந்த டியூக் எல்லிங்டன், வந்த இடத்தில் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் படுத்துவிட, அவருடைய வாத்தியக் கோஷ்டியார் தலைவர் இல்லாமலே மேடையேறிய சம்பவத்தைச் சென்ற இதழில் விஸ்தாரமாகப் பார்த்தோம். அமெரிக்கக் கறுப்பர்களின் சங்கீதம் நம் தலைநகருக்குள் ராஜாங்க மரியாதைகளுடன் முன்வாசல் வழியே பிரவேசித்த சந்தர்ப்பம் அது. ஆனால் அந்தச் சங்கீதம் அதற்கு வெகு காலம் முன்பே, அழைப்பிதழும் மாலையும் இல்லாமல், ஹோட்டல்களின் வழியாகவும் உணவு விடுதிகளின் வழியாகவும் டெல்லிக்குள் நுழைந்து, இரவு எட்டு மணிக்குமேல் தினந்தோறும் தன் தொழிலை நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கவாசல் வழியாக வந்தவர்களுள், கான்வென்டில் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றியது இந்த அத்தியாயம். இன்று உஷா உதூப் என்றால் தெரியாதவர் இல்லை. நாம் சொல்லப்போகும் நாட்களில் அவர் உஷா அய்யர்.

கதைக்குள் போவதற்கு முன், அவர் எந்தச் சங்கீதத்தின் சந்ததி என்பதைச் சற்றே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் இசை வியாபாரப் பத்திரிகையான 'பில்போர்டு', கறுப்பர்கள் பாடி கறுப்பர்கள் வாங்கிய இசைத்தட்டுகளை அவர்களுடைய இனத்தைச் சுட்டும் தலைப்பின் கீழ் ஒதுக்கிவைத்துப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த வழக்கத்தை விட்டு, 1949-இல், அங்கே நிருபராயிருந்த ஜெரி வெக்ஸ்லர் என்பவருடைய யோசனைப்படி, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்ற புதுத் தலைப்பை ஏற்றுக்கொண்டது. அந்தத் தலைப்பின் கீழ் அடுத்த சில வருஷங்களில் புகழ் பெற்றவர்களில் ரூத் பிரவுன் உண்டு. 'ஃபீவர்' என்ற பாட்டை 1956-இல் முதன்முதலில் பாடிப் பிரபலப்படுத்தி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சிறையிலே மாண்டுபோன லிட்டில் வில்லி ஜான் உண்டு. எல்லாருக்கும் மேலாக, பிக் மாமா தார்ன்டன் என்ற அலபாமா மாகாணத்துப் பெண்மணி உண்டு. ஆறடி உயரம் என்று சொல்லத்தக்க ஆகிருதியும், ஆண்பிள்ளைகளைத் திடுக்கிடச் செய்யும் கனத்த குரலும் படைத்த அந்த அம்மாள் 1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவு செய்தார். மறு வருஷம் அது ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடி உலகத்தை வளைத்துக்கொண்டார். தமக்கு அந்தப் பாட்டினால் கிடைத்தது ஐந்நூறு டாலர்தான் என்று தார்ன்டன் அம்மாள் பிற்காலத்தில் சொல்லி வந்தார். ஒருவர் பாட, மற்றொருவர் பலனடைவது என்பது இந்தச் சங்கீதத்தின் ஜாதகத்திலேயே இருப்பதுபோல் தோன்றுகிறது. நம் கதையிலும் அது ஓரிடத்தில் தலைகாட்டும்.

இந்தச் சங்கீதத்தின் லக்ஷணம் என்ன என்று கேட்கும் கர்நாடக சங்கீத ரசிகருக்கு அதை அவருடைய பாஷையிலேயே சொல்லிவிடலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றில், ஆதி தாளத்தில் பழகிய நம் கை முதல் எண்ணிக்கையில் தட்டும். அவர்களுடைய டிரம்மோ முதலாவதை லேசாகத் தொட்டுவிட்டு, இரண்டிலும் நான்கிலும் ஓங்கி விழும். உட்கார்ந்திருப்பவனை எழுந்து நிற்கச் செய்யும் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. இனி சுருதி விஷயம்: நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, எந்த ஹார்மோனியக் கட்டையிலும் அகப்படாத ஒரு ஸ்தானத்தைக் குரலால் வளைத்துத் தொட்டு, அங்கேயே சற்றுத் தயங்கி நிற்பது அவர்களுடைய அழகு. கமகத்தில் ஊறிய காது அதை அந்நியமாகக் கருத நியாயமில்லை. மேல் ஸ்தாயியில் சஞ்சரிப்பதை அவர்கள் பெண்குரலின் தகுதியாக நிர்ணயித்ததும் இல்லை. மந்தரத்தில் கனமாக நின்று பேசுவதுபோல் பாடுகிறவளுக்கு அங்கே ராஜமரியாதை.

இந்தியாவுக்கு இது வந்தது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஆரம்பமான கதை. டெட்டி வெதர்ஃபோர்டு என்ற கறுப்பின பியானோ வித்வான் ஷாங்காய், பம்பாய் என்று அலைந்து, கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாத்தியக் கோஷ்டி நடத்தி, அங்கேயே 1945-இல் காலராவில் இறந்தார். அவரிடமும் அவரைப் போன்றவர்களிடமும் பழகிய கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இந்நாட்டு ஹோட்டல்களின் இரவுச் சங்கீதத்தை அடுத்த முப்பது வருஷம் தாங்கி நின்றார்கள். பகலில் பம்பாய் சினிமா ஸ்டூடியோக்களில் வயலினும் டிரம்பெட்டும் வாசித்த அதே கைகள் இரவில் நடன மேடையில் வாசித்தன என்பதால், ஹிந்திப் படப் பாட்டின் வாத்திய அமைப்பில் இந்தச் சங்கீதத்தின் சாயல் எப்படி வந்தது என்று ஆராய்வதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

டெல்லி இந்த விஷயத்தில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இளைய நகரம். கன்னாட் பிளேஸின் வட்ட வராந்தாக்களில் கேலார்ட், வோல்கா, டேவிகோஸ் போன்ற விடுதிகளில் வாத்தியக் கோஷ்டிகள் இருந்தன. யுனெஸ்கோ மகாநாட்டை உத்தேசித்து 1956-இல் கட்டப்பட்ட அசோகா ஹோட்டல் அரசாங்கத்தின் கம்பீரத்துடன் நின்றது. 1965-இல் ஓபராய் இன்டர்கான்டினென்டல் திறக்கப்பட்ட பிறகுதான், ஒரு பக்கம் ஹுமாயூன் சமாதியையும் மறுபக்கம் கோல்ஃப் மைதானத்தையும் பார்த்தபடி அமர்ந்து உணவருந்தும் புது வகைச் செல்வந்தர் கூட்டம் இந்நகரில் உருவாயிற்று. தூதரகத்தார், விமான நிறுவனத்தார், புதிய தொழிலதிபர்கள், விடுமுறையில் வந்த ராணுவ அதிகாரிகள்: இவர்களே அந்த மேடைகளின் ரசிகர்கள். அதே சமயத்தில் கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் இருந்த நம்மவர் வீடுகளில் பெண் குழந்தைகள் மாலை வேளைகளில் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், 1946-இல் பிறந்த டெல்லித் தமிழ்ச் சங்கம் தன் விழாக்களை நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு டெல்லிகளும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், ஓபராய் மேடையில் நின்ற பெண் தங்கள் வீட்டுப் பெண் என்பதைக் கரோல் பாக் மாமிகள் நெற்றிப் பொட்டிலிருந்தே கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தப் பெண் 1947 நவம்பர் 8-ஆம் தேதி பம்பாயில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் வைத்தியநாத சோமேஸ்வர சாமி பம்பாய் போலீஸில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். வாசம் பைகுல்லாப் பகுதியில். வீட்டு ரேடியோவில் மேல்நாட்டுச் செவ்விசையும், படே குலாம் அலி கானும், கிஷோரி அமோன்கரும், கர்நாடக வித்வான்களும் பேதமில்லாமல் ஒலித்தார்கள். மூத்த சகோதரிகள் பாடகிகளாகவே அறியப்பட்டவர்கள். பக்கத்து வீட்டில் இன்னொரு போலீஸ் அதிகாரியான பட்டாணின் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஜமீலாவின் சிநேகத்தினால் உஷாவுக்கு ஹிந்தியும் ஹிந்துஸ்தானி சங்கீதமும் கிட்டின. ஒரு அய்யர் வீட்டுப் பெண்ணுக்கு முஸ்லிம் வீட்டில் ஹிந்தியும், கிறிஸ்தவப் பள்ளியில் ஆங்கிலப் பாட்டும் கிடைத்த அந்தப் பம்பாய் எத்தகைய பாடசாலை என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் சோதனை. புனித ஆக்னஸ் பள்ளியின் பாட்டு வகுப்பில், மற்றப் பெண்களுடைய மெல்லிய குரல்களோடு இவருடைய சாரீரம் ஒட்டவில்லை என்று ஆசிரியை இவரைப் பாடகிகளின் வரிசையிலிருந்து விலக்கிவிட்டார். விலக்கியவர் இவருடைய ஆர்வத்தைக் கண்டு, தட்டுவதற்கு ஒரு சிறு வாத்தியத்தைக் கையில் கொடுத்து ஓரமாக நிறுத்தினார் என்று உஷாவே பல தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆசிரியையைக் குறை சொல்வதற்கில்லை. அந்நாளில் பெண்குரல் என்றால் மேலே பறப்பது என்பதே தேசம் முழுவதும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயம். லதா மங்கேஷ்கருடைய சிகரத்தை எட்டிப் பிடிப்பதே சிறுமிகளின் லட்சியம். ஷம்ஷாத் பேகத்தின் திறந்த குரலுக்கே மவுசு குறைந்து வந்த காலம். நம் பக்கத்தில் கே.பி. சுந்தராம்பாளின் கணீரென்ற சாரீரத்துக்குக் கோடி பேர் உருகினார்கள் என்றாலும், அந்தக் குரலைப் பக்திக்கும் ஔவைப் பாட்டிக்கும் ஒதுக்கிவைத்தோமே தவிர, காதலுக்கும் கேளிக்கைக்கும் யாரும் அதை அழைக்கவில்லை.

இங்கே டெல்லியின் கை எதிர்பாராத விதத்தில் குறுக்கே வருகிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்ற திடமான கொள்கையுடையவராகையால், அகில இந்திய ரேடியோவில் அதற்கு இடமில்லாமல் செய்தார். பார்லிமெண்டு தெருவிலிருந்து பிறந்த அந்த உத்தரவின் பலன், நாடு முழுவதும் ரேடியோப் பெட்டியின் முள் இலங்கையை நோக்கித் திரும்பியதுதான். 1957-இல் விவித் பாரதி தொடங்கி அரசாங்கம் சமாதானத்துக்கு வருவதற்குள் ரேடியோ சிலோன் சக்கரவர்த்தியாகிவிட்டது. கொழும்பில் ஒலிபரப்பாவதற்காகப் பம்பாயில் விளம்பர நிகழ்ச்சிகள் பதிவாயின. அமீன் சயானி அந்த நிகழ்ச்சிகளின் நாயகர். அவர் அறிமுகம் செய்ய, 'ஓவல்டின் மியூசிக் ஹவர்' நிகழ்ச்சியில் ஒன்பது வயது உஷா பாடினார். பாட்டு வகுப்பிலிருந்து ஒதுக்கப்பட்ட குரல், தலைநகரம் தன் கதவை மூடியதனாலேயே செழித்த ஒரு ரேடியோ நிலையத்தில் முதல் மேடையைக் கண்டது. கலையைக் காப்பாற்றுவதாக எண்ணி உத்தரவு போடுகிற மந்திரிகள் இம்மாதிரிப் பலன்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் தாண்டுவோம். 1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோடில், ஒரே கட்டிடத்துக்குள் சபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்களை அடக்கிய புதுமைக்காக மாநகரமே வாய்பிளந்த அந்த வளாகத்தில், 'நைன் ஜெம்ஸ்' என்ற சிறு இரவு விடுதி இருந்தது. இருபது வயதை ஒட்டிய உஷா அங்கே சேலையுடுத்திக்கொண்டு பாடினார். கேட்டவர்களுடைய ஆரவாரத்தைக் கண்ட விடுதிக்காரர் ஒரு வாரம் இருந்து பாடும்படி கேட்டுக்கொண்டார். இப்படித்தான் தொழில் தொடங்கியது: ரேடியோவும் இல்லை, சபாவும் இல்லை, சினிமாவும் இல்லை, சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே. பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தாவின் பார்க் தெருவில் 'டிரின்காஸ்' என்று அடுத்தடுத்து அழைப்பு வந்தது. 1969-இல் டிரின்காஸில் அவர் பெற்ற வெற்றியே கல்கத்தாவை அவருடைய சொந்த ஊராக்கியது. பின்னாளில் கணவராக அமைந்த கோட்டயத்துக்காரர் ஜானி சாக்கோ உதூப்பைச் சந்தித்ததும் அங்கேதான். இதற்கிடையே ஹாங்க் வில்லியம்ஸ் பாடிப் பின்னர் ஃபேட்ஸ் டாமினோ தம் வழிக்குத் திருப்பிக்கொண்ட 'ஜம்பலாயா'வையும், கிங்ஸ்டன் டிரியோவின் 'கிரீன்பேக் டாலர்' பாட்டையும் 1968-இல் இசைத்தட்டில் பாடினார்; அது நன்றாக விற்பனையும் ஆயிற்று.

கல்கத்தாவிலிருந்து டெல்லி ஓபராய்க்கு அவர் வந்தது 1970-ஐ ஒட்டிய காலம். அக்காலத்து ஹோட்டல் பாடகியின் தொழில் எத்தகையது என்பதைச் சபா மேடைகளை மட்டுமே அறிந்த வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் பாடகியை 'க்ரூனர்' என்பார்கள். ஒரு மூச்சில் பாடி முடிக்கும் பாட்டுகளின் தொகுதிக்கு 'செட்' என்று பெயர். இரவு உணவு வேளை தொடங்கி நள்ளிரவு வரை, இடையிடையே சிரமபரிகாரத்துக்கு அவகாசம் விட்டு, மூன்று நான்கு செட் பாட வேண்டும். பின்னால் பியானோ, பாஸ், டிரம் என்ற மூவர். வசதியுள்ள ஹோட்டலாயிருந்தால் கூட ஒரு சாக்ஸபோன். ரசிகர் பெருமக்கள் சங்கீதத்துக்காக டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அல்லர். ஒரு மேஜையில் ஏற்றுமதி வியாபாரம் பேசப்படும். மற்றொன்றில் பிறந்தநாள் கேக் வெட்டப்படும். வெயிட்டர் தட்டுடன் மேடைக்கும் பாடகிக்கும் நடுவே குறுக்கே போவார். முள்கரண்டிகளின் ஓசை ஓய்வதே இல்லை. சாப்பிட வந்தவனைக் கேட்க வைக்க வேண்டும். கச்சேரி மேடையில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துபோனால் முகம் வாடும் வித்வான்களை நாம் பார்த்திருக்கிறோம். இங்கேயோ தன்னைப் பாராமல் இருக்கும் முதுகுகளைப் பார்த்தபடியே பாடத் தொடங்குவது அன்றாட நியதி.

அந்த முதுகுகளைத் திருப்பிய சாதனங்கள் இரண்டு. ஒன்று அந்தக் குரல். மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு மந்தரத்தில் மெதுவாக ஆரம்பித்தால், கனமான சாரீரம் இரைச்சலுக்கு மேலே போக முயலாமல் அதற்கு அடியிலே புகுந்து வரும். மெல்லிய மேல் ஸ்தாயிக் குரல் தட்டு முட்டுச் சத்தத்தில் கரைந்துபோகும் இடத்தில் இது கரைவதில்லை. பாட்டு வகுப்பில் எதைக் குற்றமென்று சொன்னார்களோ அதுவே இந்தத் தொழிலில் மூலதனமாயிற்று. மற்றொன்று தோற்றம். கேளிக்கை விடுதிப் பாடகி என்றதும் ஜனங்கள் மனத்தில் எழுந்த உருவத்துக்கு நேர் விரோதமாக, காஞ்சிபுரம் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, முழங்கையை நோக்கி ஏறும் வளையல்கள் என்று, மைலாப்பூரில் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவரைப் போல் ஒரு பெண் வந்து நின்று, நியூ ஆர்லியன்ஸ் பாட்டைப் பாடினால் கரண்டி தானாகவே நின்றுவிடும். இதை ஒரு தந்திரம் என்று சொன்னவர்கள் உண்டு. தம்மிடம் இருந்த உடை அதுதான், அதையே உடுத்திக்கொண்டேன் என்பதே அவர் எப்போதும் தந்த விளக்கம். என் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. இயல்பாக வந்த ஒன்றின் பலத்தை அறிந்துகொண்டு அதை விடாமல் பிடித்துக்கொள்வதும் தொழில்ஞானமே.

இந்தச் சேலையினால் விளைந்த இன்னொரு காரியமும் கவனிக்கத்தக்கது. கணவனும் மனைவியும் வந்து அமரத் தயங்கிய இடத்தில், வயதான தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வரலாயின. மேஜைகளுக்கு நடுவே இறங்கி வந்து, பஞ்சாபி மேஜையில் ஒரு பஞ்சாபிச் சொல், வங்காளி மேஜையில் ஒரு வங்காளிச் சொல் என்று பேசி, அவர்களையே பல்லவி திருப்பிச் சொல்ல வைத்து, மறுபடியும் மேடைக்குப் போவார். ஒருவர் அழைக்க, கூட்டம் பதில் கொடுக்கும் இந்த முறை அமெரிக்கக் கறுப்பர்களின் மாதாகோவிலில் தழைத்து ரிதம் அண்ட் புளூஸில் வளர்ந்தது என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். பஜனை மடத்தில் வளர்ந்தவருக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

டெல்லியில்தான் சினிமா அவரைக் கண்டது. தேவ் ஆனந்த் தம் நவகேதன் படக் குழுவினருடன் ஓபராய்க்கு வந்தவர், இவருடைய பாட்டைக் கேட்டு, தம்முடைய படத்தில் பாட அழைத்தார். காத்மண்டுவில் ஹிப்பிகளுக்கு நடுவே தன் தங்கையைத் தேடும் ஒரு வாலிபனின் கதையை அவர் அப்போது எடுக்க முனைந்திருந்தார். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' என்ற பெயரில் 1971-இல் வெளிவந்த படம் அது. ஐரோப்பாவிலிருந்து தரைமார்க்கமாக வந்த ஹிப்பிகள் பழைய டெல்லியின் ஓரத்துப் பஹாட்கஞ்சில் தங்கி, காத்மண்டுவுக்குப் புறப்பட்ட காலம் என்பதால், அப்படிப்பட்ட கதைக்கான குரலை டெல்லி ஹோட்டலிலேயே அவர் கேட்டது பொருத்தமே. அதே சமயத்தில் மெர்ச்சன்ட் ஐவரி நிறுவனத்தின் 'பாம்பே டாக்கி' என்ற 1970-ஆம் ஆண்டுப் படத்தில், சங்கர் ஜெய்கிஷன் இசையில் ஓர் ஆங்கிலப் பாட்டும் இவருக்கு வாய்த்தது.

ஆனால் ஆர்.டி. பர்மன் இசையமைத்த 'தம் மாரோ தம்' பாட்டில் இவருக்குப் பெரிய பங்கு இருக்கும் என்பதாகத் தொடங்கிய ஏற்பாடு, பாட்டு பதிவாகி வெளிவரும்போது மாறிவிட்டிருந்தது. அந்தப் பாட்டு ஆஷா போன்ஸ்லேயுடையதாயிற்று. அவருக்கு ஃபிலிம்ஃபேர் பரிசும் கிடைத்தது. உஷாவுக்கு மிஞ்சியவை படத்தில் வரும் ஆங்கில அடிகள். திரைக்குப் பின்னால் நடந்த இழுபறிகளைக் கிளறுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆஷா அம்மையார் அதைப் பாடிய அழகையும் யாரும் மறுக்க முடியாது. வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. அந்நாளைய படங்களில் வந்த 'கிளப்' பாட்டுகள் பலவற்றையும், ஹிந்தியில் கீதா தத்தும் ஆஷாவும் தமிழில் எல்.ஆர். ஈஸ்வரியும், கிளப்பில் ஒரு நாளும் பாடிப் பழகாமலே தம் அசாத்தியமான கற்பனையினால் பாடிக் கொடுத்தார்கள். திரையில் அதற்கு ஆடியவர்கள் துணிச்சிக்கனம் மிகுந்த உடையில் ஆடினார்கள். மெய்யாகவே கிளப்பில் பாடிய ஒருத்தி, போர்த்திய பட்டுச் சேலையுடன் சினிமாவின் வாசலில் வந்து நின்றபோது, அவளுடைய குரலை எந்தப் பாத்திரத்துக்குப் பொருத்துவது என்று சினிமாவுக்குத் தெரியவில்லை. கதாநாயகி அந்தக் குரலில் பேசமாட்டாள். மயக்கும் மாதரசிக்கோ அந்தக் குரல் வேண்டிய அளவு குழையாது. ஏறக்குறையப் பத்து வருஷம் ஹிந்தி சினிமா இவரை விருந்தாளியாகவே வைத்திருந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் முடிவு.

தமிழ்ச் சினிமாவும் அவ்விதமே செய்தது. ஏ.பி. நாகராஜன் இயக்கி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த 'மேல்நாட்டு மருமகள்' படத்தில், 1975-இல், உஷா அய்யரை உஷா அய்யராகவே அழைத்துப் பாட வைத்தார்கள். புராணப் படங்களுக்குப் பெயர்போன இயக்குநரும், விபூதிப் பட்டையுடன் வயலின் வாசிக்கும் வித்வானும் சேர்ந்து ஓர் ஆங்கிலப் பாட்டுக்கு இடம் கொடுத்த அந்தச் சந்தர்ப்பத்தை நினைக்கும்போது, தமிழர்களுடைய ரசனையை மிகவும் இறுக்கமானது என்று சொல்லித் திரிபவர்கள் படத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 1990-இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தில் இளையராஜா அவரைக் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே பாட வைத்ததை இப்போதைய வாசகர்கள் அறிவார்கள்.

சினிமா கொடுக்காததை மேடை கொடுத்தது. கென்யாவில் நைரோபிக்குப் போனவர், அங்கே ஸ்வாஹிலி மொழியில் பாடி, 'மலைக்கா' பாட்டை அதை முன்னர்ப் பிரபலப்படுத்திய ஃபதிலி வில்லியமுடனேயே சேர்ந்து பாடி, ஃபெலினி ஃபைவ் என்ற உள்ளூர் வாத்தியக் குழுவுடன் இசைத்தட்டும் வெளியிட்டார். ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா அவருக்குக் கௌரவப் பிரஜா உரிமை அளித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேறியவர்களின் வம்சத்தார் அமெரிக்காவில் சமைத்த சங்கீதத்தை, கல்கத்தாவிலும் டெல்லியிலும் பழகிய ஒரு தமிழ்ப் பெண் ஆப்பிரிக்கக் கரைக்கே எடுத்துச் சென்று பாடினார்.

உள்நாட்டில் எல்லாரும் அவ்வளவு தாராளமாயிருக்கவில்லை. 1980-களின் முற்பகுதியில் மேற்கு வங்கத்தில் பொதுப்பணி மந்திரியாயிருந்த ஜதின் சக்கரவர்த்தி, இவருடைய பாட்டு அபசம்ஸ்கிருதி, அதாவது சீரழிந்த கலாசாரம், என்று கூறி எதிர்த்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போய், பாடகியின் பக்கமே முடிந்தது. முப்பது வருஷத்துக்கு முன் டெல்லியில் கேஸ்கர் காங்கிரஸ்காரராக எண்ணியதை, கல்கத்தாவில் சக்கரவர்த்தி இடதுசாரியாக எண்ணினார். கொள்கைகள் எதிரெதிர்த் துருவங்களாயிருந்தும், ஜனங்கள் எதைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கும் ஆசையில் இருவரும் சகோதரர்கள். அதே குரலுக்கு மத்திய சர்க்கார் 2011-இல் பத்மஸ்ரீயும், 2024-இல் பத்மபூஷணும் அளித்தது.

ஹோட்டல் மேடைகளின் கதிக்கு வருவோம். 1970-களில் டெல்லியிலும் டிஸ்கோத்தே என்ற புது வகை இடம் பரவியது. மூன்று வாத்தியக்காரர்களுக்கும் ஒரு பாடகிக்கும் மாதச் சம்பளமும் இரவுச் சாப்பாடும் கொடுப்பதைவிட, ஒரு சுழல் மேஜையும் ஒரு பெட்டி இசைத்தட்டும் வாங்கிவைப்பது மலிவு என்பதைக் கண்டுகொள்ள ஹோட்டல் முதலாளிகளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. கல்கத்தாப் பார்க் தெருவிலோ கேளிக்கை வரியும் அரசியல் கொந்தளிப்பும் சேர்ந்து அதே காரியத்தைச் செய்தன. சாக்ஸபோன்காரர்களில் பலர் கல்யாண பேண்டுக்கும், சிலர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மேடையைத் தின்ற அந்த டிஸ்கோவே, உஷா உதூப்பின் கனத்த சாரீரத்துக்கு ஹிந்தி சினிமாவில் ஒரு வழியாக இடமும் பண்ணிக் கொடுத்தது: 1980-இல் 'பியாரா துஷ்மன்', 1981-இல் 'அர்மான்'. பப்பி லஹிரி என்ற வங்காளி இளைஞர் தங்கச் சங்கிலிகளைக் கழுத்தில் அடுக்கிக்கொண்டு இசை மேஜையில் அமர்ந்த அந்த வருஷங்களையும், அப்பாட்டுகள் டெல்லிக் கல்யாணப் பந்தல்களில் புகுந்து செய்த அமர்க்களத்தையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)